மானைச் சுத்தம் செய்ய எந்தக் கத்தி?

இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் இது அமெரிக்காவில் பென்சில்வேனியா பக்கம் உரிமமும் டேகும் (சுட்ட மானில் கட்டும் அனுமதிச் சீட்டு) வாங்கி முதல் தடவை வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு மட்டும். சுட்டு முடித்தாயிற்று, டேகும் கட்டியாயிற்று, இனி வயிற்றைத் திறந்து குடலை எடுப்பதுதான் பாக்கி என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் நீளம். அலகு மூன்றரை அங்குலம் போதும், நான்குக்கு மேல் அதிகம் போக வேண்டாம். நெஞ்சுக்கூட்டுக்குள் கையை விட்டு மூச்சுக்குழாயை அறுக்கும்போது கத்தி கண்ணுக்குத் தெரியாது. நீளம் கூடினால் அறுபடுவது உங்கள் இன்னொரு கைதான்.

அடுத்தது, மடக்காத கத்தியாக வாங்குங்கள். பக் 110 அழகான மடக்குக் கத்தி, மறுக்கவில்லை. ஆனால் அதன் கீல் சந்தில் கொழுப்பும் முடியும் புகுந்துவிட்டால் ராத்திரி பழைய பல் பிரஷ்ஷோடு உட்கார வேண்டியதுதான்.

இப்போது முனை. ஆளைப் படுத்தும் இடம் வயிற்றைத் திறப்பது, ஏனென்றால் தோலுக்கு அடியிலேயே இரைப்பை உப்பிக்கொண்டு நிற்கும். நெஞ்செலும்பு முடியும் இடத்தில் தோலைக் கிள்ளித் தூக்கிச் சின்னதாக ஒரு கீறல் போட்டு, இரண்டு விரலை உள்ளே விட்டுக் கவட்டை மாதிரி விரித்து, நடுவில் கத்தியின் வெட்டுவாய் வானத்தைப் பார்க்கும்படி வைத்துப் பின்னங்கால் பக்கம் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போங்கள். ட்ராப் பாயின்ட் கத்தியில் அலகின் முதுகு, அதாவது வெட்டாத பக்கம், முனையை நோக்கிச் சரிந்திருக்கும், அதனால் கவிழ்த்துப் பிடித்தால் முனை குடலை விட்டு விலகி மேலே நிற்கும். முனை முதுகுப் பக்கம் நிமிர்ந்த தோலுரிக்கும் கத்தியைக் கவிழ்த்தால் நேரே இரைப்பையில்தான் குத்தும், அப்புறம் அந்தப் பச்சை நாற்றம் கறியை விட்டுப் போகாது. உள்ளிருந்து வெளியே அறுப்பதால் முடி வெட்டுப்படாது, கூரும் சீக்கிரம் மழுங்காது.

வயிற்றுத் தோலைக் கிழிக்க அலகின் முதுகில் கொக்கி வைத்த கத்தி எனக்குப் பிடிக்காது. கொக்கியில் முடி அடைத்துக்கொள்ளும், தீட்டுவதற்கும் தனி அரம் வேண்டும். என் தேர்வு மோரா கம்பேனியன்: விலை குறைவு, ரப்பர் பிடி ஈரக்கையில் வழுக்காது, பிளாஸ்டிக் உறையைக் கழுவிவிடலாம். ஆரஞ்சு நிறம் கிடைத்தால் அதையே எடுங்கள், சருகில் விழுந்தால் தேட வேண்டாம்.

பின்சேர்க்கை: பிளேடு மாற்றும் கத்தி பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். தோலுரிக்க அருமை. மூட்டுக்குள் விட்டு முறுக்கினால் பிளேடு ஒடியும், துண்டு கறிக்குள் போய்விடும்.

இன்னொன்று, சி.டபிள்யூ.டி. (மான்களின் மூளையைத் தாக்கிக் கொல்லும் தொற்று) நோய் இருக்கும் பகுதி என்றால் கையுறை கட்டாயம், முதுகெலும்பையும் மூளையையும் தொடாதீர்கள். அந்த நோயை உண்டாக்கும் பிரியான் என்ற புரதம் கொதிநீரில் அழியாது. கத்தியில் ஒட்டிய சதையை நன்றாகக் கழுவிவிட்டு, வீட்டு பிளீச் 40 பங்கும் தண்ணீர் 60 பங்கும் கலந்து 5 நிமிடம் ஊறவையுங்கள். உடனே அலசித் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் துரு ஏறும்.