டூம் 2 மேப்களைத் திறந்த கதை

1994-இல் வந்த டூம் 2 என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமின் மேப்களை (விளையாடும் கட்டங்களை) எடிட்டரில் பார்க்க ஆசைப்பட்டு, விளையாட்டின் ஃபோல்டர் முழுக்கத் தேடினேன். மேப் என்ற பெயரில் ஒரு ஃபைலும் இல்லை. அப்புறம்தான் புரிந்தது: 32 மேப்களும் டூம்2.வாட் (DOOM2.WAD) என்ற ஒரே டேட்டா ஃபைலுக்குள் இருக்கின்றன!

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கியவர்கள் விளையாட்டின் பெயரில் வலது கிளிக் செய்து, லோக்கல் ஃபைல்களைத் திறந்து அதைத் தேடலாம். முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலைத் தொடவே வேண்டாம். அல்டிமேட் டூம் பில்டர் என்ற மேப் எடிட்டரில் அந்த நகலைத் திறந்து, டூம் 2 அமைப்பைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் மேப்01-ஐச் சொடுக்கினேன். வந்துவிட்டது. நாம் தொடங்கும் இடத்துக்குப் பின்னாலேயே செயின்சா என்ற ரம்ப ஆயுதம்! இத்தனை வருடம் திரும்பிப் பார்க்காமலேயே ஓடியிருக்கிறேன்.

மாற்றிய மேப்பைத் தனி வாட் ஃபைலாகச் சேமித்தேன். சுவர்ப் படங்கள் தெரிய, எடிட்டர் படங்களை எடுக்கும் ரிசோர்ஸ் பட்டியலில் டூம்2.வாட் இருக்க வேண்டும்.