கமர்கட் செய்வது எப்படி: ஒரு மூடித் தேங்காய், ஒரு கப் வெல்லம், கொஞ்சம் காது

விளிம்பு நெளிநெளியாக இருக்கும் அலுமினியப் பத்துப் பைசாவைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குக் கமர்கட் என்ற தேங்காய் வெல்ல மிட்டாயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் தகர மூடி போட்ட கண்ணாடி பாட்டில் ஒன்று இருக்கும். கடைக்காரர் கையை விட்டு அளாவினால் கோலிக்குண்டு குலுக்குவது போலச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அடுப்படியில் வேலைக்கு ஆகும்.

அந்தக் காசு 2011-லேயே செல்லாக்காசு ஆகிவிட்டது. கமர்கட் இப்போது பழைய கால மிட்டாய் வகைகளை விற்கும் கடைகளில் பாக்கெட்டில் கிடைக்கிறது. ஆனால் இதை வாங்கித்தான் சாப்பிட வேண்டும் என்பதில்லை. குழம்புக்கு உடைத்ததில் மீந்த ஒரு மூடித் தேங்காய், டப்பாவில் இருக்கும் வெல்லம், முக்கால் மணி நேரம், இவ்வளவு போதும். மாவு அரைப்பது, எண்ணெய் காய வைப்பது எதுவும் கிடையாது.

தேவையானவை:

துருவிய தேங்காய் 1 கப்
பொடித்த வெல்லம் 1 கப் (சுமார் 200 கிராம்)
தண்ணீர் கால் கப்
நெய் 1 டீஸ்பூன், கையில் தடவ இன்னும் கொஞ்சம்
ஏலக்காய் 2
உப்பு ஒரு சிட்டிகை

கோலிக்குண்டு அளவில் பிடித்தால் 25 உருண்டை வரை வரும். முதல் தடவை செய்பவர்கள் இதற்கு மேல் அளவைக் கூட்டாதீர்கள். அளவு கூடினால் உருட்டி முடிப்பதற்குள் பாதி வாணலியிலேயே கல்லாகிவிடும்.

வெல்லம் எடுப்பது

பளீரென்று மஞ்சளாக இருக்கும் வெல்லம் வேண்டாம். நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் சேர்த்திருக்க வாய்ப்பு உண்டு. அதோடு கமர்கட்டின் அந்தக் கறுத்த பழுப்பு நிறமும் அதில் வராது. மளிகைக் கடையில் “பாகு வெல்லம்” என்று கேளுங்கள், கருமையாகக் கொடுப்பார்கள். வாங்கும் முன் ஒரு சிறு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். சில வெல்லம் உப்புக் கரிக்கும், பாகு சுண்டச் சுண்ட அந்தக் கரிப்பும் ஏறும்.

தேங்காய்

வெள்ளைப் பகுதியை மட்டும் துருவுங்கள். ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் சேர்ந்தால் நாக்கில் நெருடும். துருவலை வெறும் வாணலியில் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் வதக்குங்கள். சிவக்கக் கூடாது, தொட்டால் ஈரம் தெரியாமல் உதிரியாக வந்தால் சரி. ஈரத்தோடு போட்டால் முறுகி வந்த பாகு மறுபடி இளகிவிடும். ஃபிரிட்ஜில் இருந்த துருவல் என்றால் இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாக வதக்கலாம்.

பாகு

சமையலே இங்கேதான் இருக்கிறது, மற்றதெல்லாம் எடுபிடி வேலை.

அடி கனமான வாணலியில் வெல்லத்தையும் தண்ணீரையும் போட்டுக் கரைய விடுங்கள். கரைந்ததும் இறக்கி வடிகட்டுங்கள். கல், மண், கரும்புச் சக்கை எல்லாம் அடியில் தங்கியிருக்கும். வாணலியைக் கழுவிவிட்டு, வடிகட்டியதை மறுபடி ஊற்றி நடுத்தரத் தீயில் வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரும், ஒரு எவர்சில்வர் தட்டும் தயாராக இருக்கட்டும்.

முதலில் பெரிய பெரிய குமிழாகப் பொங்கும். அப்புறம் குமிழ்கள் சிறுத்து நெருங்கி, பாகு கனத்து, நிறம் ஒரு படி கறுக்கும். அப்போதிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு சொட்டைக் கிண்ணத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்.

சொட்டு கரைந்து ஓடினால் இன்னும் நேரம் இருக்கிறது. அடியில் தங்கி, விரலால் கூட்டினால் கொழகொழவென்று திரண்டு, எடுத்துக் கையில் வைத்ததும் அமுங்கினால் அது அதிரசத்துக்கு ஏற்ற பதம், நமக்குப் போதாது. எடுத்த உருண்டை கையில் வடிவம் மாறாமல் நின்று, அழுத்தினால் மட்டும் கொஞ்சம் அமுங்கினால், தேங்காய்த் துருவலைக் கொட்டும் நேரம் வந்துவிட்டது. தீயைக் குறைத்துவிட்டுக் கொட்டுங்கள். உப்பையும் இப்போதே போட்டுவிடலாம்.

தேங்காய் விழுந்ததும் பாகு தளர்ந்தது போலத் தெரியும். பயப்பட வேண்டாம், அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து பளபளப்பாகச் சுருளும். இந்த இடத்தில் அடுப்பை அணைத்தால் உங்களுக்குக் கிடைப்பது கமர்கட் அல்ல, கொழுக்கட்டைப் பூரணம். அதே வாணலி, அதே இரண்டு பொருள், நிறுத்தும் நேரம்தான் வேறு. பிள்ளையார் சதுர்த்தி அன்று இங்கே நிறுத்துவோம், இன்று நிறுத்தப் போவதில்லை.

இன்னும் நான்கைந்து நிமிடம் கிளறினால் கலவை வாணலியில் ஒட்டாமல் ஒரே பந்தாகக் கரண்டியோடு சுற்றி வரும். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டு, ஆறியதும் உருட்டித் தட்டில் போடுங்கள். “தொப்” என்றால் இன்னும் கிளற வேண்டும். “டங்” என்று கல் விழுந்த மாதிரி கேட்டால் உடனே அடுப்பை அணையுங்கள்.

அம்மா இதற்குச் சமையலறைக்கு வரக்கூட மாட்டார். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டே, நான் தட்டில் போடும் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, “இன்னும் ரெண்டு நிமிஷம் போகட்டும்” என்பார். ஒரு தடவை அதை மதிக்காமல் இறக்கினேன். உருட்டும்போது அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தால் 25 உருண்டையும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்தது. அதைக் கத்தியால் வெட்டித்தான் சாப்பிட்டோம், ருசிக்கு ஒரு குறையும் இல்லை.

வீட்டில் வெப்பமானி இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. வெல்லக் கரைசலில் இருந்து தண்ணீர் ஆவியாகப் போகப் போக அதன் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். அதிரசப் பதம் 115 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், கமர்கட்டுக்கு 130-ஐத் தாண்ட வேண்டும். ஆனால் தேங்காயோடு சுருண்ட கலவையில் வெப்பமானியை நட்டு வைப்பது லேசான வேலை இல்லை. தட்டுச் சத்தமே நல்லது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். “டங்” சத்தத்துக்கும் கருகலுக்கும் நடுவில் அரை நிமிடம்தான். அந்த நேரத்தில் போன் அடித்தால் அடிக்கட்டும்.

உருட்டுவது

அணைத்ததும் நெய்யும் பொடித்த ஏலக்காயும் சேர்த்து ஒரு கிளறு கிளறி, நெய் தடவிய தட்டில் கொட்டுங்கள். கொதிக்கும் வெல்லப் பாகு கையில் பட்டால் தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு சுடும். குழந்தைகளை இந்தக் கட்டத்தில் தள்ளி நிறுத்துங்கள்.

இரண்டு மூன்று நிமிடத்தில் கை பொறுக்கும் சூடு வந்துவிடும். உள்ளங்கையில் நெய் தடவிக்கொண்டு கிள்ளிக் கிள்ளி எடுத்து உருட்டுங்கள். முதலில் எல்லாவற்றையும் வேகமாகக் கிள்ளிப் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக வழவழப்பாக்குவது என் வழக்கம். தனியாளாகச் செய்தால், கொதிநீர் இருக்கும் பாத்திரத்தின் மேல் அந்தத் தட்டை வைத்துக்கொள்ளுங்கள், கலவை சீக்கிரம் இறுகாது. வீட்டில் இன்னொரு ஜோடிக் கை கிடைத்தால் இந்தத் தந்திரமெல்லாம் தேவைப்படாது.

பிடித்த உருண்டைகள் ஒன்றை ஒன்று தொடாமல் ஆறட்டும். முழுக்க ஆறிய பிறகே பாட்டிலில் போட வேண்டும்.

தவறிப் போனால்

மிருதுவாக இருந்தால் எல்லாவற்றையும் திரும்ப வாணலியில் போட்டுச் சிறு தீயில் இளக்கி இன்னும் கொஞ்சம் கிளறுங்கள். உருட்டும் முன்பே தட்டில் இறுகிவிட்டாலும் இதே வைத்தியம்தான், ஒரு டீஸ்பூன் தண்ணீர் தெளித்து இளக்கிவிட்டு மறுபடி “டங்” கேட்கும் வரை கிளற வேண்டும். பூத்துப் போய் மணல் மணலாக உதிர்ந்தால் பாகில் சர்க்கரை படிகமாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரும் நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறும் விட்டுக் கரைத்து மறுபடி பதத்துக்குக் கொண்டு வரலாம். கசந்தால் கருகிவிட்டது, அதற்கு மருந்து இல்லை.

காற்றுப் புகாத கண்ணாடி பாட்டிலில் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். வெல்லம் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், அதனால் மழைக்காலத்தில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு மறந்தால் மேலே பிசுபிசுத்துவிடும். சாப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு: கடிக்கக் கூடாது, கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஊற விட வேண்டும். பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகளுக்குக் கண்ணில் காட்டாதீர்கள்.

கடைசியாக, வாணலி. அதைத் தேய்த்துக் கையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அரை டம்ளர் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தால் ஒட்டியிருப்பதெல்லாம் தானாகக் கரையும். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். ஆறியதும் அதிலேயே கோதுமை மாவையும் ஒரு கை அரிசி மாவையும் கரைத்து வைத்தால் சாயங்காலத்துக்கு நாலு வெல்ல தோசை ஆயிற்று. அங்கங்கே தேங்காய் கடிபட, ஓரம் முறுகலாக வரும்.