ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தைத் திருத்தக் கோருவது எப்படி? ரீயூனியன் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான நம் ரீயூனியனில், சேன்-ஆந்த்ரே ஊர்க் கோயில் வாசலில் பேச்சு விலைவாசிக்குத் திரும்பும்போதெல்லாம் தீவுக்குள் வரும் பொருள்கள் மீதான கடல்வரியைப் (octroi de mer) பற்றிய மனக்குறை எழுகிறது. அந்த வரிக்கு ஐரோப்பிய ஒன்றியம் அளிக்கும் அனுமதி, ஐரோப்பிய ஒன்றியச் செயற்பாட்டு ஒப்பந்தத்தின் (TFEU) 349-ஆம் பிரிவில் வேரூன்றியிருப்பதைப் பலர் அறிவதில்லை.

முதலில் அந்தப் பிரிவைப் பிரெஞ்சில் பொறுமையாகப் படியுங்கள். தொலைவு, தீவு நிலை, சிறிய பரப்பு ஆகியவற்றைக் கருதித் தனி நடவடிக்கைகள் எடுக்கலாம் என்கிறது. ஐரோப்பிய ஆணையம் முன்மொழிய, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் கருத்தைக் கேட்டு, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் மன்றம் முடிவெடுக்கும். தீவு மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற ஒரு சொல்கூட அதில் இல்லை. என் பார்வையில் திருத்தம் தொடங்க வேண்டிய இடம் அதுவே. பொதுவான குறைகளை அடுக்காமல், எந்த வாக்கியத்தில் எந்தச் சொற்களைச் சேர்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

அதை ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மனுவாக அனுப்பலாம். ஒன்றியத்தின் 24 அலுவல் மொழிகளில் தமிழ் இல்லாததால் பிரெஞ்சிலேயே எழுதுங்கள். பத்து லட்சம் கையொப்பம் திரட்டும் குடிமக்கள் முன்முயற்சி, இருக்கும் ஒப்பந்தத்தைச் செயல்படுத்தச் சட்டம் கோருவதற்கானது, இதற்குப் பொருந்தாது.

திருத்தத்தை முறைப்படி முன்மொழியும் உரிமை உறுப்பு நாட்டு அரசுகள், ஐரோப்பிய நாடாளுமன்றம், ஆணையம் ஆகியவற்றுக்கே உண்டு. பின்னர் 27 நாடுகளும் ஏற்க வேண்டும். 2005-இல் பிரெஞ்சு மக்கள் வாக்கெடுப்பில் மறுத்ததால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அரசியலமைப்பு ஒப்பந்தமே நின்றுபோனது. ஆகவே பாரீசில் நம் தீவைப் பிரதிநிதித்துவப்படுத்தும் 7 கீழவை உறுப்பினர்களுக்கும் 4 செனட்டர்களுக்கும் மனுவின் நகலை அனுப்பத் தவறாதீர்கள்.