ஓப்பன் சோர்ஸ் கருவியின் டாக்ஸை மாற்றி அடுக்குவதும் கெடாமல் காப்பதும்

டாக்ஸை, அதாவது கருவியைப் பயன்படுத்த வழிகாட்டும் ஆவணங்களை, சீரமைக்க உட்காரும் குழு முதல் நாளே ஃபோல்டர்களில் கை வைத்தால் வேலை பாதியில் நின்றுவிடும். பக்கங்கள் இடம் மாறியிருக்கும், வாசகரின் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கும். எந்தப் பக்கம் எந்த ஃபோல்டரில் என்பது கடைசியாக முடிவாக வேண்டிய விஷயம். காட்பாடி, பாகாயம், வாலாஜா பக்கத்துக் கல்லூரிகளில் கட்டற்ற மென்பொருளுக்குத் தங்கள் முதல் பங்களிப்பாக டாக்ஸை எடுத்துக்கொள்ளும் மாணவர் குழுக்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். கமாண்ட் லைன் கருவியோ லைப்ரரியோ, எதுவானாலும் முறை ஒன்றுதான்.

## கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்

கருவி வேறொருவர் பராமரிப்பில் இருந்தால் முதலில் ஒரு இஷ்யூ (திட்டப் பக்கத்தில் பதியும் கேள்வி அல்லது கோரிக்கை) திறந்து, எந்தப் பகுதியை ஏன் மாற்ற நினைக்கிறீர்கள் என்று அரைப் பக்கத்தில் சொல்லுங்கள். எண்பது ஃபைலைத் தொடும் புல் ரெக்வெஸ்ட் (மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளக் கேட்பது) திடீரென்று வந்து விழுந்தால், கருவியைப் பராமரிக்கும் எந்த மெயின்டெய்னராலும் படிக்க முடியாது. 2020 அக்டோபரில், ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புக்கு டி-ஷர்ட் பரிசு தந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின்போது, அந்த டி-ஷர்ட்டுக்காக ரீட்மியில் (அறிமுக ஃபைலில்) ஒன்றிரண்டு சொல்லை மாற்றிய புல் ரெக்வெஸ்ட்கள் குவிந்தன. விரும்பிச் சேரும் ரெப்போக்கள் (திட்டத்தின் ஃபைல்கள் இருக்கும் களஞ்சியங்கள்) மட்டும்தான் கணக்கில் வரும் என்று ஏற்பாட்டாளர்கள் அந்த மாதமே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. டாக்ஸ் பங்களிப்பு என்றாலே சில மெயின்டெய்னர்கள் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு பகுதி, ஒரு புல் ரெக்வெஸ்ட், அது மெர்ஜ் ஆன பிறகு அடுத்தது என்று போனால் நம்பிக்கை தானாக வரும்.

## கணக்கெடுப்பு

ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் எல்லாப் பக்கங்களையும் வரிசையாக எழுதுங்கள். பக்கத்தின் முகவரி, எந்த வெர்ஷனுக்குச் சரி, உள்ளடக்கம் கடைசியாக எப்போது மாறியது, வாசகர் இங்கே எதற்கு வருகிறார் என்று நான்கு நெடுவரிசை போதும். கடைசி மாற்றத்தை கிட் லாக் (மாற்றங்களின் பதிவேடு) பார்த்து எழுதும்போது எழுத்துப்பிழைத் திருத்தங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நேற்று ஒரு காற்புள்ளி திருத்தப்பட்ட பக்கத்தின் உள்ளடக்கம் மூன்று வருடம் பழையதாக இருக்கலாம்.

நான்காவது நெடுவரிசைதான் உயிர். அதை ஒரே வாக்கியத்தில், வினைச்சொல்லோடு எழுத வேண்டும்: “கான்ஃபிக் ஃபைலைப் பழைய வடிவிலிருந்து புதியதுக்கு மாற்ற வருகிறார்.” ஒரே வாக்கியத்தில் அடங்கவில்லை என்றால் அந்தப் பக்கத்தைப் பிரிக்க வேண்டும். வாக்கியமே எழுத வரவில்லை என்றால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று யோசியுங்கள்.

அடுத்து, மூடப்பட்ட இஷ்யூக்களில் கேள்விகளாக வந்தவற்றைப் படியுங்கள். கேள்வியைவிட அதற்கு மெயின்டெய்னர் எப்படிப் பதில் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். டாக்ஸ் லிங்க்கைக் கொடுத்து முடித்திருந்தால், பக்கம் இருக்கிறது, வாசகருக்குக் கிடைக்கவில்லை. தலைப்பையோ மெனுவையோ மாற்ற வேண்டும். பதிலைப் புதிதாக டைப் செய்திருந்தால் பக்கமே இல்லை. அந்தப் பதிலையே எடுத்துப் பக்கமாக்கலாம். “டாக்ஸில் இருப்பது பழசு” என்று சொல்லியிருந்தால் பக்கம் தவறு; எதைத் தொடுவதற்கும் முன்னால் அதைத் திருத்துங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் இருக்கிற பக்கத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பக்கம் முளைக்கிறது.

## ஒருவரைப் படிக்க வைத்துப் பாருங்கள்

கருவியைத் தெரியாத ஒருவரை உட்கார வையுங்கள். ராணிப்பேட்டையிலிருந்தோ குடியாத்தத்திலிருந்தோ தினமும் பஸ்ஸில் வரும் இரண்டாம் ஆண்டு மாணவர், 8 ஜிபி ரேம் விண்டோஸ் லேப்டாப், மொபைல் ஹாட்ஸ்பாட்: இதைவிட நல்ல சோதனை கிடையாது. நிறுவும் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எங்கே நின்றார், எந்த வரியைத் தாண்டிப் போனார், எந்த எரரை கூகுளில் தேடினார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும் இடங்கள் ஒன்றுபோலவே இருக்கும். பாத் (கருவி எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று டெர்மினலுக்குச் சொல்வது) அமைத்த பிறகு டெர்மினலை மூடித் திறக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். கமாண்டுக்கு முன்னால் இருக்கும் டாலர் குறியையும் சேர்த்து காப்பி செய்துவிடுவார். சரியாக நிறுவியாயிற்றா என்று பார்க்க வழி இருக்காது. ஒவ்வொரு கமாண்டுக்கும் கீழே திரையில் வர வேண்டியதை அப்படியே காட்டுங்கள். டாலர் குறியை எடுத்துவிடுங்கள். டவுன்லோடு பெரியதாக இருந்தால் அதன் அளவை கமாண்டுக்கு மேலேயே எழுதுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்று ரீசார்ஜ் செய்தவருக்கு, டாக்கர் இமேஜ் பாதி இறங்கிய பிறகு தெரிவதில் பயனில்லை.

## பக்கத்தைப் பிரிப்பது

டானியேலே புரோசிடா வகுத்த டயாடாக்சிஸ் முறை டாக்ஸை நான்காகப் பிரிக்கிறது: புதியவரைக் கைப்பிடித்து நடத்தும் பாடம், குறிப்பிட்ட ஒரு வேலையை முடிக்கும் செய்முறை, தேடி எடுத்துப் பார்க்கும் ரெஃபரன்ஸ், ஏன் இப்படி என்று சொல்லும் விளக்கம். இதைப் படித்த உற்சாகத்தில் நான்கு காலி ஃபோல்டர்களை உருவாக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று அந்த முறையே சொல்கிறது. பக்கம் பக்கமாகத் திருத்திக்கொண்டே போனால் அமைப்பு தானாகத் தெரியவரும்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். தலைப்பு “தொடங்குவோம்”. முதலில் நிறுவும் கமாண்ட். அடுத்து கான்ஃபிக் ஃபைல் ஏன் யாமல் என்ற எழுத்து வடிவில் இருக்கிறது என்று மூன்று பத்தி. பிறகு நாற்பது கான்ஃபிக் கீகளின் பட்டியல். கடைசியில்தான் முதல் முறை ஓட்டிப் பார்ப்பது. புதியவர் பட்டியலைப் பார்த்ததும் கிளம்பிவிடுவார். பழையவருக்கு ஒரு கீயின் டீஃபால்ட் மதிப்பு தேவைப்படும்போது அது “தொடங்குவோம்” பக்கத்தில் இருக்கும் என்று தோன்றவே தோன்றாது. நாற்பது கீகளையும் ரெஃபரன்ஸுக்கு அனுப்புங்கள். யாமல் கதையை விளக்கத்துக்கு அனுப்புங்கள். மிஞ்சுவது நிறுவு, மூன்றே கீ கொண்ட ஃபைலை எழுது, ஓட்டு, இந்த விடை வரும். அந்தப் பாடத்தில் “அல்லது இப்படியும் செய்யலாம்” என்ற வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது. தேர்வு செய்யும் அளவுக்கு அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

## முகவரி உடையாமல் நகர்த்துவது

2019-ல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தபோது பின்கோடு மாறவில்லை. பழக்கத்தில் “வேலூர் மாவட்டம்” என்று எழுதிய கடிதமும் ராணிப்பேட்டை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்தை நகர்த்தும்போது பழைய லிங்க்கும் அப்படித்தான் வேலை செய்ய வேண்டும்.

சர்வர் உங்கள் கையில் இருந்தால் 301 ரீடைரக்ட் (பக்கம் நிரந்தரமாக இடம் மாறியது என்று புதிய முகவரிக்கு அனுப்புவது) போடுங்கள். கிட்ஹபின் வெப்சைட் சேவையான கிட்ஹப் பேஜஸில் பக்கவாரியாக 301 தர வழியில்லை. அங்கே பழைய முகவரியில் ஒரு சின்ன எச்டிஎம்எல் பக்கம் இருந்து வாசகரைப் புதிய இடத்துக்குத் தள்ளிவிடும். டாக்ஸ் தளத்தை உருவாக்கித் தரும் எம்கேடாக்ஸ், ஸ்ஃபிங்க்ஸ், டாக்குசாரஸ் மூன்றுக்கும் இதைச் செய்யும் பிளகின்கள் இருக்கின்றன. எடுத்துவிட்ட பக்கத்தை முகப்புக்கு ரீடைரக்ட் செய்யாதீர்கள். வாசகர் தேடியது அங்கே இல்லை. எந்த வெர்ஷனில் நீக்கப்பட்டது, பதிலாக என்ன என்று இரண்டு வரி இருந்தால் போதும்.

முகவரியில் ஹேஷ் குறிக்குப் பின்னால் வரும் பகுதி சர்வருக்குப் போவதே இல்லை. அதனால் துணைத்தலைப்பின் பெயரை மாற்றினால் எந்த சர்வர் ரீடைரக்டாலும் காப்பாற்ற முடியாது. தமிழில் எழுதும் டாக்ஸுக்கு இதில் இன்னொரு தொல்லை உண்டு. எம்கேடாக்ஸ் பயன்படுத்தும் பைத்தான் மார்க்டவுன், தலைப்பிலிருந்து ஐடி (ஹேஷுக்குப் பின்னால் வரும் பெயர்) உருவாக்கும்போது ஆங்கிலமல்லாத எழுத்துகளைக் கழித்துவிடும். தமிழ்த் தலைப்புகள் வெறும் _1, _2, _3 என்று எண்களாகும். நடுவில் ஒரு தலைப்பைச் சேர்த்தால் அதற்குக் கீழே உள்ள லிங்க் எல்லாம் ஒரு இடம் நகர்ந்து போகும். யூனிகோட் ஆப்ஷனைப் போட்டாலும் உயிர்க்குறிகளும் புள்ளியும் உதிர்ந்து, “நிறுவுதல்” என்பது “நறவதல” என்று வந்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு தலைப்புக்கும் ஐடியைக் கையால் எழுதுங்கள்.

கருவியின் எரர் செய்திகளுக்குள் டாக்ஸ் முகவரி இருக்கிறதா என்று சோர்ஸ் கோடில் கிரெப் (சொல் தேடும் கமாண்ட்) செய்து பாருங்கள். ஏற்கெனவே வெளியான வெர்ஷனில் இருப்பதை இனி மாற்ற முடியாது. அந்த முகவரிகளைத் தனியாகக் குறித்து, என்றைக்கும் எடுக்கக் கூடாது என்று எழுதி வையுங்கள்.

கிட்டில் ஒரு எச்சரிக்கை. பெயர் மாற்றத்தை கிட் சேமித்து வைப்பதில்லை. இரண்டு ஃபைலும் பாதிக்கு மேல் ஒத்திருந்தால் பெயர் மாறியது என்று ஊகிக்கும். நகர்த்திய கையோடு திருத்தியும் எழுதிவிட்டால் அந்த ஊகம் தவறி, ஃபைலின் வரலாறு அறுந்துவிடும். ஆகவே நகர்த்துவது ஒரு கமிட் (கிட்டில் ஒரே தடவையாகப் பதியும் மாற்றம்), திருத்துவது வேறு கமிட். ரெப்போவில் ஸ்குவாஷ் மெர்ஜ் வழக்கம் என்றால் அதுவும் போதாது, இரண்டு கமிட்டும் ஒன்றாகிவிடும். அங்கே தனித்தனிப் புல் ரெக்வெஸ்ட்களாகவே அனுப்புங்கள்.

## கெடாமல் காப்பது

அடுக்கி முடிப்பதோடு வேலை முடியாது; டாக்ஸ் கெடுவது ஒவ்வொரு நிரல் மாற்றத்திலும்தான். டாக்ஸ் அதே ரெப்போவில் இருக்கட்டும். ஒரு ஆப்ஷனை மாற்றும் புல் ரெக்வெஸ்ட்டிலேயே அதன் பக்கமும் மாற வேண்டும். கமாண்ட் ஆப்ஷன் பட்டியலைக் கையால் எழுதாமல் ஹெல்ப் வெளியீட்டிலிருந்து, டாக்ஸ் பக்கங்களை உருவாக்கும் பில்டின்போதே உருவாக்குங்கள். எடுத்துக்காட்டு நிரலைத் தனி ஃபைலாக வைத்து டெஸ்ட்டில் ஓட்டி, பக்கத்துக்குள் இன்க்ளூட் செய்யுங்கள். ஓடாத எடுத்துக்காட்டு அன்றைக்கே பிடிபடும்.

சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) டாக்ஸ் பில்டை ஸ்ட்ரிக்ட்டாக வையுங்கள். எச்சரிக்கை வந்தாலே தோல்வி. உள் லிங்க்குகளை ஒவ்வொரு புல் ரெக்வெஸ்ட்டிலும் சோதியுங்கள். வெளி லிங்க்குகளை வாரம் ஒருமுறை தனியாக ஓட்டினால் போதும். யாரோ ஒருவருடைய சைட் படுத்துக்கொண்டதற்காக ஒரு புதியவரின் முதல் புல் ரெக்வெஸ்ட் சிவப்பாக நிற்பது நியாயமில்லை. பலரும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, கடைசியில் எரிச்சலில் சோதனையையே அணைத்துவிடுகிறார்கள்.

டாக்ஸைத் திறந்ததும் வெளியான கடைசி வெர்ஷனுக்குரியது தெரிய வேண்டும், வேலை நடந்துகொண்டிருக்கும் மெயின் பிராஞ்சுடையது அல்ல. இல்லையென்றால் இன்னும் வெளிவராத ஆப்ஷனைப் படித்துவிட்டு வாசகர் தலையைப் பிய்த்துக்கொள்வார். பழைய வெர்ஷன் பக்கங்களின் தலையில் “இது பழையது” என்ற பட்டையும் புதிய பக்கத்துக்கு லிங்க்கும் வையுங்கள். எது முதன்மைப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் கனானிக்கல் லிங்க் இல்லாவிட்டால் தேடுபொறி பழையதையே முன்னால் கொண்டுவரக்கூடும்.

ஒவ்வொரு ரிலீஸுக்கும் முன் ஒருவர் சுத்தமான கன்டெய்னரில் (முன்பே எதுவும் நிறுவாத தனிச் சூழலில்) பாடத்தை முதல் வரியிலிருந்து செய்து பார்க்க வேண்டும். கல்லூரிக் குழுவில் இந்தப் பொறுப்பை ஒரே ஆளிடம் விடாதீர்கள். நான்காம் ஆண்டு மாணவர் ஏப்ரல், மே தேர்வு முடிந்ததும் போய்விடுவார். வேறு வேறு ஆண்டைச் சேர்ந்த இருவரின் பெயர், எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோடுஓனர்ஸ் ஃபைலில் இருக்கட்டும். செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய மாதம் பெரிய பகுதி எதையும் திறக்காதீர்கள். பாதி நகர்த்திய பிராஞ்ச் தேர்வு முடிந்து வருவதற்குள் மெயினோடு மோதிக்கொள்ளும்.

தமிழாக்கத்தைச் சீரமைப்பு முடிந்த பிறகு தொடங்குங்கள். ஸ்ஃபிங்க்ஸில் மூல வாக்கியம் கொஞ்சம் மாறினாலும் மொழிபெயர்ப்பு இருக்கும் பிஓ ஃபைலில் அந்தப் பதிவு ஃபஸி (ஐயத்துக்குரியது) என்று குறிக்கப்படும். மறுபடி சரிபார்க்கும் வரை அந்த இடத்தில் ஆங்கிலமே தெரியும். நகரும் பக்கத்தை மொழிபெயர்த்தால் அந்த உழைப்பு முழுவதும் ஃபஸியாகக் கிடக்கும். நிறுவும் பக்கத்தையும் அடிக்கடி வரும் எரர்களின் பக்கத்தையும் முதலில் எடுங்கள். கமாண்ட், ஆப்ஷன், எரர் வரி ஆகியவற்றை மொழிபெயர்க்காதீர்கள். திரையில் வருவதை அப்படியே காப்பி செய்துதான் வாசகர் தேடுவார்.