காருக்குள் பெட்ரோல் வாடை: தேடும்போதும் சரிசெய்யும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தால், நம் பக்கத்தில் பெரும்பாலோர் கண்ணாடியை இறக்கிவிடுவார்கள். மறுநாள் டேஷ்போர்டில் ஒரு வாசனைப் புட்டி வந்து உட்கார்ந்துவிடும். இரண்டு மூன்று நாளில் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும், கசிவு மட்டும் அப்படியே இருக்கும். இதைத்தான் முதல் தவறு என்பேன். சந்தேகம் இருந்தால், அந்த வண்டியில் அதிகம் ஏறாத ஒருவரைக் காலையில் கதவைத் திறந்ததும் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பழகாத மூக்கு உண்மையைச் சொல்லிவிடும்.

பெட்ரோல் ஆவியைச் சிறிதாக எண்ணக்கூடாது. பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் பொருள் அது. சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் நிற்கும் காரில் அது எவ்வளவு ஆவியாகும் என்று எண்ணிப் பாருங்கள். காற்றில் சுமார் 1.4 விழுக்காடு ஆவி கலந்தாலே ஒரு பொறி போதும். காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால், அது மேலே கலைந்து போகாமல் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். வாசல் போர்ட்டிகோவில் காரை நிறுத்தி, அதே வாசலில் அந்தியில் விளக்கேற்றும் வீடுகள் இங்கு ஏராளம். வாடை தெரிந்த நாளில் விளக்கை உள்ளே தள்ளி வையுங்கள்; மூடிய ஷெட்டாக இருந்தால், உள்ளே இருக்கும் மின்விளக்குச் சுவிட்சைத் தொடாமல் முதலில் கதவைத் திறந்துவிடுங்கள்.

என் வீட்டுக் காரில் நடந்ததைச் சொல்கிறேன். டேங்கை நிரப்பிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து திசையன்விளைக்குப் போனபோது, பின் இருக்கையில் இருந்த அம்மா நாங்குநேரி தாண்டுவதற்குள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். முன்னால் இருந்த எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. மறுவாரம் ஒர்க்‌ஷாப்பில் “வாடை வருது” என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டேன். அவர்கள் பானட்டைத் திறந்து இன்ஜெக்டர் ஓரிங்குகளை (இன்ஜினுக்குப் பெட்ரோல் பீய்ச்சும் முனைகளின் ரப்பர் வளையங்களை) மாற்றிக் கொடுத்தார்கள். டேங்க் பாதிக்குக் கீழே இருந்ததால் வாடையும் இல்லை. சரியாகிவிட்டது என்று நம்பினேன். மறுபடி டேங்க் நிரம்பியதும் வாடை திரும்பி வந்தது. பிறகு மேலப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி, “எப்போ வருது? டேங்க் ஃபுல்லா இருக்கும்போதா, எப்பவுமேவா?” என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் பின் இருக்கையைத் தூக்கி, அதன் கீழிருந்த வட்ட மூடியைக் கழற்றினார். பெட்ரோல் பம்பைச் சுற்றிப் படிந்திருந்த செம்மண் தூசியில், ஒரு பக்கம் மட்டும் பிறைபோல நனைந்து கறுத்திருந்தது. சில மாதங்களுக்கு முன் பம்பை மாற்றியவர்கள், ஊறிப் பெருத்த பழைய கேஸ்கட்டையே (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தையே) திரும்ப அழுத்தி மூடியிருந்தார்கள்.

என் தவறு, வாடை எப்போது வருகிறது என்பதைச் சொல்லாமல் விட்டது. டேங்க் நிரம்பியிருக்கும்போது மட்டும் வந்தால் டேங்கின் மேற்பகுதி, மூடியின் ரப்பர், பெட்ரோல் ஊற்றும் குழாயின் ஹோஸ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் முன்பக்கம் வந்தால் இன்ஜின் பக்கத்து ஹோஸ்களையும் ஓரிங்குகளையும் சந்தேகிக்கலாம். வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்படி ஏசியை வைத்தால் மட்டும் வாடை வருகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் பானட்டுக்குள்தான். வண்டி உதறி, புகைபோக்கியில் பச்சைப் பெட்ரோல் வாடை அடித்தால் அது கசிவாக இராது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியவில்லை. அப்படியே ஓட்டினால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெட்டுப்போகும்.

பங்கில் செய்யும் தவறு ஒன்று உண்டு. நாசில் தானாக நின்ற பிறகும், தொகை முழுதாக வரட்டும் என்றோ, குற்றாலம் போய்வர வேண்டும் என்றோ இன்னும் இரண்டு அழுத்து அழுத்தச் சொல்கிறோம். டேங்கின் ஆவியைப் பிடித்துவைக்க ஒரு கரி டப்பா இருக்கிறது, கேனிஸ்டர் என்பார்கள். இப்படி அழுத்தி, ஆவியை வாங்க வேண்டிய அந்தக் கரிக்குள் பெட்ரோலே புகுந்துவிட்டால், அது ஊறிப்போய் வேலை செய்யாது. புதிதாக மாற்றத்தான் வேண்டியிருக்கும். நாசில் நின்றால் நாமும் நிறுத்திவிட வேண்டும்.

கசிவைப் பார்க்கிறேன் என்று இன்ஜினை ஓடவிடுவதும், தீக்குச்சி கிழிப்பதும், சூடான குண்டு பல்பை அருகில் கொண்டுபோவதும் உயிரோடு விளையாடுவது. இன்ஜின் ஆறிய பிறகு, திறந்த இடத்தில், தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் (பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இப்போதைய வண்டிகள்) இன்ஜினை அணைத்த பின்பும் குழாய்க்குள் அழுத்தம் நிற்கும். அதை இறக்காமல் ஹோஸைக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும்.

ஒழுகும் டேங்கில் சோப்பைத் தேய்ப்பது ஊர்போய்ச் சேரும்வரை என்றுகூட நம்பத் தக்கதன்று. பெட்ரோலை வடித்துவிட்டோம் என்று டேங்கை வெல்டிங்குக்குக் கொண்டுபோவது அதைவிடக் கொடியது, ஏனெனில் காலி டேங்கில் நிறைந்திருப்பது காற்றோடு கலந்த ஆவி. அதில் பொறி பட்டால் டேங்கே வெடிக்கும். ஹோஸ் மாற்றும்போது, பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கான சாதாரண ஹோஸையோ தண்ணீர்க் குழாயையோ இன்ஜெக்‌ஷன் வண்டியில் மாட்டாதீர்கள். அங்கே அழுத்தம் ஏறத்தாழ 3 பார் (சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல மூன்று மடங்கு) அல்லது அதற்கும் மேல். கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பி முறுக்குவதும் வேண்டாம். இப்போது வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலப்பதால், 2023 ஏப்ரலுக்கு முன் செய்த வண்டிகளின் பழைய ரப்பர் பாகங்களைச் சற்று அடிக்கடி பார்ப்பது நல்லது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வயற்பக்கத்தில் வண்டி நிறுத்துவோர், அறுவடைக்குப் பின் எலி கடித்த ஹோஸையும் நினைவில் வைக்க வேண்டும்.

நாற்கரச் சாலையில் போகும்போது திடீரென்று வாடை பலத்தால், ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்கித் தள்ளி நிறுத்துங்கள். பானட்டைத் திறக்க அவசரப்படாதீர்கள். தீப்பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது, எரியும் பெட்ரோல் அதன்மேல் மிதந்து பரவும். பழுது பார்த்த பின், டேங்கை நிரப்பி, ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் கழற்றிய ஒவ்வோர் இணைப்பிலும் வெள்ளைத் தாளை ஒற்றி எடுங்கள். தாள் நனையாமல் வந்தால் மட்டுமே வண்டியை வீட்டுக்குள் விடலாம்.