வீட்டைச் சுற்றி ஆந்தை பார்க்க

ஆந்தை பார்க்கிறேன் என்று இருட்டில் அண்ணாந்து நிற்பவருக்குக் கழுத்துவலிதான் மிச்சம். பகலில் தரையைப் பாருங்கள். பகல் பொழுதைக் கழிக்க ஓர் இடம் பிடித்துவிட்டால் ஆந்தை மாதக்கணக்கில் அங்கேயே வந்து அமரும். அதற்கு நேர் கீழே சுண்ணாம்பு வழிந்ததுபோல் வெள்ளை எச்சமும், ஆந்தை கக்கிய, விரல் பருமனில் சாம்பல் அல்லது கறுப்பு உருண்டைகளும் சேர்ந்துகொண்டே இருக்கும். அந்த இடம் கிடைத்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது.

தமிழ்நாட்டு ஊர்களில் வீட்டருகே வருபவை பெரும்பாலும் இரண்டு. புள்ளி ஆந்தை மைனா அளவுதான், சுமார் 21 செ.மீ.; பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், மஞ்சள் கண், வெள்ளைப் புருவம். கூகை 35 செ.மீ. வரை இருக்கும், முகம் வெள்ளையாய், அறுத்த ஆப்பிளை நிறுத்தி வைத்த வடிவில், கண் கறுப்பு. கொம்பன் ஆந்தைக்குப் பாறைக்குன்றும் கல்குவாரியும் வேண்டும். தோட்டத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

புள்ளி ஆந்தைக்குப் பழைய வேம்பு, புளி, மா, தூங்குமூஞ்சி மரங்களின் பொந்து, ஓட்டுக்கூரை இடுக்கு, சுவரில் செங்கல் விழுந்த ஓட்டை போதும். கூகை உயரம் தேடும்: கோயில் கோபுரம், தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் படிக்கட்டின் அடி, லிஃப்ட் அறை, யாரும் திறக்காத பரண். இரண்டையும் காட்டிக்கொடுக்கும் ஒற்றர்கள் வேறு இருக்கிறார்கள். மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவி, அணில் எல்லாம் ஒரே கிளையைப் பார்த்துப் பத்து நிமிடம் விடாமல் கத்தினால் அங்கே பாம்பு, பூனை, ஆந்தை மூன்றில் ஒன்று உண்டு. கீழே எச்சமும் இருந்தால் ஆந்தைதான்.

காதும் வேண்டும். புள்ளி ஆந்தை ‘சிர்ர் சிர்ர்’ என்று சண்டைபோடுவதுபோல் தொடங்கி ‘சீவக் சீவக்’ என்று முடிக்கும். ஒன்று தொடங்கினால் ஜோடியும் சேர்ந்துகொள்ளும். கூகை கூவாது. காடாத் துணியைக் கிழிப்பதுபோல் நீளமாக ஓர் அலறல், அவ்வளவுதான். இரவெல்லாம் யாரோ குறட்டை விடுவதுபோல் சீறல் கேட்டால் அது கூட்டில் குஞ்சுகள் பசிக்குக் கேட்பது. ‘வீட்டுக்கு ஆகாது’ என்று அக்கம்பக்கத்தார் கல்லெடுப்பது பெரும்பாலும் இந்தச் சத்தத்துக்குத்தான். அவர்களிடம் மூடநம்பிக்கை பற்றிப் பேசிப் பயனில்லை. கீழே கிடக்கும் உருண்டைகளுக்குள் இருக்கும் எலி மண்டையோடுகளை ஒரு தட்டில் வைத்துக் காட்டுங்கள்.

நேரம் என்றால், புள்ளி ஆந்தைக்குச் சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே போய் உட்காருங்கள். பொந்து வாயில் வெளிச்சத்திலேயே வந்து நிற்கும்; குளிர்ந்த காலை வேளையில் வெயில் காய்வதும் உண்டு. கூகை நன்றாக இருட்டிய பிறகே கிளம்பும். கிளம்பும் வழி அனேகமாக மாறாது. அதனால் அதைத் தேடி நடப்பதைவிட, அதன் பாதைக்குப் பக்கவாட்டில் 15 மீட்டர் தள்ளி நாற்காலி போட்டு உட்காருவதே மேல். பறக்கும் ஓசை கேட்கும் என்று காத்திருக்காதீர்கள், கேட்காது. இறகு விளிம்பிலுள்ள சீப்புப் பற்களும் மேலே படர்ந்த வெல்வெட் போன்ற மென்மையும் காற்றின் சத்தத்தைக் குறைத்துவிடும்.

பைனாகுலர் 8×42 வாங்குங்கள்; 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, 42 என்பது முன் லென்ஸின் விட்டம் மி.மீ.-இல். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ.; கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. சட்டைப்பைக்குள் அடங்கும் 10×25-இல் இது 2.5 மி.மீ. மட்டுமே. பகலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்; அந்தி மங்கியதும் சின்னதில் கறுப்பைத் தவிர எதுவும் தெரியாது. டார்ச்சுக்குச் சிவப்பு செலோஃபேன் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். முகத்தில் அடிக்காமல் கிளைக்குக் கீழே காட்டி, மூன்று வினாடியில் அணைத்துவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கைபேசியில் ஆந்தைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவது அதைவிட மோசம்: எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று நினைத்து, முட்டையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.

நெருங்கிவிட்டோமா என்பதை ஆந்தையே சொல்லும். தலையை மேலும் கீழும் ஆட்டினால் உங்கள் தூரத்தை அளக்கிறது. அதன் கண் குழிக்குள் அசையாது, தலையைத்தான் அசைக்க வேண்டும். உடம்பை ஒடுக்கிக் குச்சிபோல் நீண்டு நின்றால் பயந்திருக்கிறது. பத்தடி பின்வாங்குங்கள். பகலில் பறக்கவைத்துவிட்டால் காக்கைக் கூட்டம் விரட்டத் தொடங்கும், அன்றைய ஓய்வு போயிற்று.

இனி அந்த உருண்டைகள். விழுங்கிய இரையில் செரிக்காத முடி, எலும்பு, வண்டின் ஓடு ஆகியவற்றை ஆந்தை உருட்டிக் கக்கிவிடும், இது எச்சமல்ல. கையுறையும் முகக்கவசமும் போட்டு எடுத்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, இடுக்கியால் பிரித்துப் பாருங்கள். மண்டையோட்டின் முன்னால் மஞ்சள் நிற உளிப்பல், அதற்குப் பின் வெற்றிடம், பிறகு கடைவாய்ப்பல் என்றிருந்தால் எலி அல்லது சுண்டெலி. இடைவெளியே இல்லாமல் வெள்ளையாய்க் கூர்ப்பற்கள் வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. புள்ளி ஆந்தையின் உருண்டையில் பெரும்பாலும் வண்டு ஓடுகள்தான் இருக்கும். காய்ந்தால் கையிலேயே உதிரும்.

ஆந்தை வந்து தங்க வேண்டுமானால் முதலில் எலிமருந்தை நிறுத்துங்கள். புரோமடியோலோன் போன்ற ரத்தம் உறையவிடாத மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். ஆந்தைக்கு மிக எளிதாக அகப்படுவது அந்த எலிதான். அதன் உடம்பிலுள்ள நஞ்சு ஆந்தைக்குள் போகும். எலிப்பொறி வையுங்கள், பசைத் தாள் மட்டும் வேண்டாம், அதில் ஆந்தையே ஒட்டிக்கொள்ளும். தோட்டத்து ஃபோகஸ் விளக்கை அணையுங்கள். மூடியில்லாத தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுங்கள், முடியாவிட்டால் ஒரு பலகையையாவது மிதக்கவிடுங்கள். குளிக்க இறங்கும் ஆந்தைக்கு வழுக்கும் சுவரில் ஏறத் தெரியாது. பட்ட கிளை யார் தலையிலும் விழாது என்றால் வெட்டாமல் விடுங்கள். நாம் செய்து மாட்டும் எந்தப் பெட்டியையும்விடப் புள்ளி ஆந்தைக்கு அந்தக் கிளையிலுள்ள பொந்துதான் பிடிக்கும்.

கூகைக்குப் பெட்டி வைக்கலாம். தண்ணீர் தாங்கும் 12 மி.மீ. பிளைவுட்டில் அடி 60×40 செ.மீ., உயரம் 65 செ.மீ. நுழைவழி 15 செ.மீ. சதுரம்; அதன் கீழ் விளிம்பு பெட்டியின் தரையிலிருந்து 45 செ.மீ. மேலே இருக்க வேண்டும். பலரும் தவறு செய்வது இங்கேதான். கீழே வாசல் வைத்தால் பறக்கத் தெரியாத குஞ்சுகள் உணவுக்கு முண்டியடித்து வெளியே விழும். முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் குஞ்சுகள் சிறிதும் பெரிதுமாக இருக்கும். தள்ளுமுள்ளில் கடைக்குட்டிதான் விழும். நுழைவழிக்கு வெளியே விளிம்பு கட்டிய சிறு திண்ணை, கூரை முன்பக்கம் 10 செ.மீ. நீட்டம், அடியில் 8 மி.மீ. துளை ஐந்து, சுத்தம் செய்யப் பின்பக்கக் கதவு. உள்ளே வார்னிஷ் கூடாது, 5 செ.மீ. மரத்தூள் பரப்புங்கள். தகரக் கூரை போட்டால் சித்திரை வெயிலில் குஞ்சு வெந்துவிடும்.

குறைந்தது 4 மீட்டர் உயரத்தில், தெற்கு அல்லது தென்கிழக்கு பார்த்து மாட்டுங்கள். வடகிழக்கு பார்த்தால் ஐப்பசி, கார்த்திகை மழை நேரே உள்ளே அடிக்கும். மேற்கு பார்த்தால் பிற்பகல் வெயில். முதல் வருடம் காலியாகவே இருக்கலாம். மாடப்புறா குடியேறினால் முட்டையிடும் முன்பே குச்சிகளை எடுத்துவிடுங்கள். சுத்தம் செய்வதற்கு முன் முட்டையோ குஞ்சோ இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.

தரையில் குஞ்சு கிடந்தால் முதலில் காயம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் துணியால் பிடித்துப் அதன் பொந்திலோ கூட்டிலோ வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. இரவில் வந்து ஊட்டும். பாலும் சோறும் தராதீர்கள். காயம் இருந்தால் காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறையினரிடம் ஒப்படையுங்கள். வீட்டில் வைத்து வளர்த்தால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.