சிபாப் மெசின் இறக்குமதி: எச்.எஸ். கோடில் விடப்படும் பிழைகள்

உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுபவர்களுக்கான சிபாப் மெசினை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு மருத்துவ உபகரணக் கடைக்காரர் தருவித்தால், சுங்கம் பெட்டியைத் திறப்பது பெரும்பாலும் கொழும்பில்தான். அங்கே நின்று விளக்கம் சொல்ல அவர் இருக்கமாட்டார். இன்வொய்ஸில் உள்ள ஒற்றை வரிதான் அவருக்காகப் பேச வேண்டும். பொருளைச் சுங்கம் வகைப்படுத்தும் எண்ணான எச்.எஸ். கோட் போடப்படுவதும் அதைப் பார்த்துத்தான். அநேக பிழைகள் தொடங்குவதும் அந்த வரியில்தான்.

வழங்குநர் "ஏர் பம்ப்" என்றோ "புளோவர்" என்றோ எழுதிவிடுவார். அதைப் பார்த்து சுங்க வேலை பார்க்கும் ஏஜென்ட், காற்றுப் பம்புகளுக்குரிய 8414ஐப் போட்டுவிடுவார். மெசினுக்குள் இருப்பது காற்றுத் தள்ளும் மோட்டர் என்பது சரிதான். ஆனால் எச்.எஸ். பட்டியலின் 90ஆம் அத்தியாயத்துக்குரிய (90 என்று தொடங்கும்) பொருட்கள் 84, 85ஆம் அத்தியாயங்களுக்குள் போகாது என்று 16ஆம் பிரிவின் முதற் குறிப்பே விலக்கிவிட்டது. சிகிச்சைக்கான சுவாசக் கருவிக்குரிய இடம் 9019.20. மூச்சை இழுக்க ஓர் அழுத்தமும் விட இன்னோர் அழுத்தமும் தரும் பைபாப்பும், செயற்கைச் சுவாசம் தரும் வென்டிலேட்டரும் அதற்குள்தான் வரும். ஆகவே "ஸ்லீப் அப்னியா சிகிச்சைக்கான சிபாப் கருவி" என்று எழுதி, மொடல் இலக்கத்தையும் அழுத்த அளவையும் (பொதுவாக 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீரழுத்தம்) சேர்க்கச் சொல்லுங்கள்.

பக்கத்து எண்களும் ஆளைக் குழப்பும். 9020 சுழியோடிகளும் தீயணைப்பு வீரர்களும் மாட்டும் சுவாசக் கருவிகளுக்கும் வாயு முகமூடிகளுக்கும் உரியது. 9021 காது கேட்கும் கருவி போல உடலில் அணிந்து குறையை ஈடுசெய்பவற்றுக்கு. கட்டிலோரத்தில் வைக்கும் மெசினுக்கு இரண்டுமே பொருந்தாது. தூக்கப் பரிசோதனைக் கருவி நோயைக் கண்டறிய மட்டுமே உதவுவதால் அது 9018.19க்குப் போகும்.

உண்மையான தலையிடி உதிரிகளில்தான். மெசினோடு ஒரே பெட்டியில் வரும் அடப்டர், குழாய், ஈரப்பதமூட்டி எல்லாம் மெசினோடு போய்விடும். தனியாக வந்தால் 90ஆம் அத்தியாயத்தின் 2ஆம் குறிப்பைப் பார்க்க வேண்டும். தனக்கென ஒரு தலைப்பு (நான்கு இலக்க எண்) உள்ள பொருள் முதலில் அந்தத் தலைப்புக்கே போகும்: அடப்டர் 8504.40, தரவு பதியும் மெமரி கார்ட் 8523.51. அப்படித் தலைப்பு இல்லாமல், இந்த மெசினுக்கென்றே செய்யப்பட்ட உதிரி மெசினின் தலைப்புக்குப் போகும். சிலிக்கன் மெத்தை, காற்று வெளியேறும் துளைகள், முழங்கை இணைப்பு, தலைப்பட்டி எல்லாம் உள்ள மாஸ்க் அந்த வகை. ஆனால் "பேஸ் மாஸ்க்" என்று மட்டும் எழுதினால் துணி மாஸ்க்கின் 6307க்கு இழுபடும். இரு முனையிலும் 22 மில்லிமீற்றர் இணைப்பு வைத்த 1.8 மீற்றர் குழாயை "பிளாஸ்ரிக் டியூப்" என்று எழுதினால் 3917தான் வரும். எந்த மொடலுக்குரியது என்றும் உதிரி இலக்கம் என்ன என்றும் எழுதி, கற்றலொக் பக்கத்தையும் இணையுங்கள். வாய் திறக்காமல் இருக்கக் கட்டும் நாடிப்பட்டியில் கவனம்: துணியின் இழுவிசையால் மட்டுமே வேலை செய்யும் பட்டியை 90ஆம் அத்தியாயத்தின் 1ஆம் குறிப்பு வெளியே தள்ளுகிறது.

9019.20இன் விபரத்தில் "ஓசோன் சிகிச்சை" என்று இருப்பதைக் கண்டு, மாஸ்க் கழுவும் ஓசோன் பெட்டியையும் அதற்குள் போடுபவர்கள் உண்டு. அந்தப் பெட்டி சுத்தம் செய்வது மாஸ்க்கை. நோயாளிக்கு அது சிகிச்சை எதுவும் செய்வதில்லை.

வழங்குநர் தரும் பத்து இலக்கக் கோடை அப்படியே எழுதாதீர்கள். உலகப் பொதுவானவை முதல் ஆறு இலக்கங்களே. இலங்கையின் கோட் எட்டு இலக்கம். தீர்வை, செஸ் எனும் மேலதிக வரி எல்லாம் அதன் வரியில்தான் பார்க்க வேண்டும். பொருளும் பிரகடனமும் ஒத்துவராவிட்டால் சுங்கக் கட்டளைச் சட்டத்தின் 47ஆம் பிரிவு பறிமுதல் வரை போகும்.

கோட் சரியாக இருப்பதும் அனுமதி கிடைப்பதும் வேறு வேறு. மருத்துவ சாதனம் என்பதால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவையும் இறக்குமதி அனுமதியையும், சரக்கு கப்பல் ஏறுமுன் கையில் எடுத்துவிடுங்கள். கட்டாரில் இருக்கும் மகன் வாப்பாவுக்கு அனுப்பும் ஒற்றை மெசினானாலும் இன்வொய்ஸில் பெறுமதியைச் சைபர் என்று போட வேண்டாம். அன்பளிப்புக்கும் பெறுமதி உண்டு. டொக்டரின் கடிதத்தையும் கூடவே வையுங்கள்.